புகை தெரியாத வண்டி

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மிட் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தீர்கள். அன்னாசிப்பழ வாசனையை ஆராய்ந்துகொண்டிருந்தவர் லாஸ் ஏஞ்சலஸ் புகைமூட்டத்துக்குள் எப்படி வந்தார்? இன்னொன்று. என் பெட்ரோல் காரில் துளி புகை வராது, பொல்யூஷன் சர்டிபிகேட்டும் இருக்கிறது. அதுவும் காற்றைக் கெடுக்கிறது என்கிறீர்களே?

மதுரை வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பழ வாசனை காற்றில் இருக்கும் அளவு இம்மியளவுதான். அதைக் கடுங்குளிரில் உறையவைத்துப் பிடிப்பது அவர் தொழில். 1940களின் கடைசியில் லாஸ் ஏஞ்சலஸை அடுத்த பாசடீனாவின் மூட்டக் காற்றை அதே முறையில் இழுத்துப் பார்த்தார். பழுப்பு நிறத்தில் சில துளிகள் கிடைத்தன, சகிக்க முடியாத நெடியோடு. பெட்ரோல் ஆவி வெயிலில் ஆக்சிஜனேறி உருமாறிய பொருட்கள் அவை. அதாவது கண்ணை எரித்த சரக்கு வண்டிக் குழாயிலிருந்து அப்படியே வரவில்லை, காற்றிலேயே சமைந்திருந்தது.

எண்ணெய்க் கம்பெனிகளின் பணத்தில் ஆய்வு செய்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனம் இதை ஏற்கவில்லை. ஹாகன்-ஸ்மிட் கையில் எடுத்த சாட்சி ரப்பர். ரப்பர் துண்டை வளைத்துக் கட்டி, பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் டை ஆக்சைடும் கலந்த காற்றை வெளிச்சத்தில் அதன்மேல் விட்டால் வெடிப்பு விழும். அந்தக் கலவையில் வெளிச்சத்தால் உண்டாகும் ஓசோன், ரப்பர் மூலக்கூறிலுள்ள இரட்டைப் பிணைப்பை அறுக்கிறது. இழுத்துக் கட்டியிருப்பதால் அறுந்த இடம் வாய் பிளக்கிறது. தளர்வாகக் கிடக்கும் ரப்பரில் இப்படி வெடிக்காது. வெடிப்பு விழ எவ்வளவு நேரம் ஆகிறது என்பதே அன்றைக்கு ஓசோன் அளவுகோல். (இன்றைய டயரில் மெழுகும் ஓசோன் தடுப்பானும் கலக்கிறார்கள், அதை வைத்துச் சோதிக்காதீர்கள்.)

1968இல் கலிஃபோர்னியா காற்று வள வாரியத்தின் முதல் தலைவரானார். அதற்குள் ஒரு சிக்கல் முளைத்திருந்தது. 1966 மாடல் கார்களில் ஹைட்ரோகார்பனையும் (எரியாமல் வரும் பெட்ரோல்) கார்பன் மோனாக்சைடையும் குறைக்கச் செய்த மாற்றங்கள் நைட்ரஜன் ஆக்சைடைக் கூட்டிவிட்டன. எரிப்பு சூடாக இருக்கும்போது, ஆக்சிஜனும் மிச்சம் இருந்தால், காற்றிலுள்ள நைட்ரஜனே ஆக்சைடாகும். அதற்கும் 1971இல் வரம்பு வந்தது.

உங்கள் கார் மாட்டுவதும் இங்கேதான். நம் பெட்ரோல் வண்டிச் சோதனையில் நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதே இல்லை. லோடு இல்லாமல் நிற்கும் எஞ்சினில் அது அதிகம் உருவாகவும் செய்யாது. நிறமில்லாமல் வருவதால் கண்ணுக்கும் தெரியாது. மேடேறும்போதுதான் கொட்டும்.

அதைப் பிடிக்க வேண்டியது எக்ஸாஸ்ட் குழாயில் நச்சை மாற்றும் கேட்டலிடிக் கன்வர்ட்டர். 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்ற எடை விகிதத்தை ஒட்டி இருந்தால்தான் ஹைட்ரோகார்பன், கார்பன் மோனாக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடு மூன்றையும் சேர்த்து மாற்றும். காற்று கொஞ்சம் மிஞ்சினாலும் நைட்ரஜன் ஆக்சைடு தப்பிவிடும். விகிதத்தைக் காவல் காப்பது ஆக்சிஜன் சென்சார். அதற்கு முன்னால் எக்ஸாஸ்ட் இணைப்பில் கசிவு இருந்தால் வெளிக்காற்று உள்ளே புகும், பெட்ரோல் குறைவென்று நினைத்து எஞ்சின் கம்ப்யூட்டர் கூடுதலாக ஊற்றும், விகிதம் கெடும். பிளக் மிஸ்ஃபயர் ஆகியும் (பொறி தவறியும்) ஓட்டிக்கொண்டிருந்தால் எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் எரிந்து தேன்கூட்டுப் பீங்கானையே உருக்கிவிடும். செக் எஞ்சின் விளக்கு மினுக்கினால் வண்டியை ஓரங்கட்டுங்கள்.