கற்பனை என்று தெரிந்தும் கதைக்கு ஏன் கண் கலங்குகிறது?

சென்ற வாரம் சிங்கப்பூரில் லிட்டில் இந்தியாவிலிருந்து பொங்கோல் சென்ற எம்ஆர்டி ரயிலில், எதிரே அமர்ந்திருந்த ஓர் அம்மா கைப்பேசியில் நாடகம் பார்த்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தவர், செங்காங்கில் கதவு மூடிய பிறகே திடுக்கிட்டு எழுந்தார். கற்பனை என்று அறிந்தும் கதையில் ஏன் கரைகிறோம் என்ற கேள்விக்கு அவரே பாதி விடை: கதையில் மூழ்கியவருக்கு இறங்குமிடமே மறந்துவிடுகிறது.

மீதி, அசைவதிலெல்லாம் மனத்தைத் தேடும் நம் பழக்கத்தில் இருக்கிறது. 1944-இல் ஃபிரிட்ஸ் ஹைடர், மரியான் சிம்மல் என்ற உளவியலாளர்கள், இரண்டு முக்கோணங்களும் ஒரு வட்டமும் நகரும் சிறு படத்தைக் காட்டி, கண்டதை எழுதச் சொன்னார்கள். 34 பேரில் ஒருவர் மட்டுமே அதை வடிவங்களின் அசைவாக விவரித்தார். மற்றவர்கள் உயிருள்ளவற்றின் செயலாகவே கண்டனர். பெரிய முக்கோணம் பலருக்கு முரடனாகத் தெரிந்ததாம். (வெறும் வடிவங்களுக்கே இந்த மரியாதை என்றால், மாமியார் பாத்திரத்துக்குக் கேட்கவா வேண்டும்?)

கதை வாழ்க்கைக்கான ஒத்திகை என்ற விளக்கத்தை நான் ஓரளவே ஏற்கிறேன். கதை மக்களை ஒன்றிணைக்கக்கூடும் என்று காட்டும், பிலிப்பீன்ஸின் அக்தா வேட்டைச் சமூகத்தைப் பற்றி 2017-இல் வெளியான ஆய்வே எனக்கு வலுவாகப் படுகிறது: நல்ல கதைசொல்லிகள் மிகுந்த குடியிருப்புகளில், சோதனை விளையாட்டில் கிடைத்த அரிசியை மக்கள் தாராளமாகப் பிறருக்குப் பகிர்ந்தார்கள், உடன் வாழ யாரை விரும்புகிறீர்கள் என்று கேட்டபோது, உணவு தேடுவதில் வல்லவரைவிடக் கதைசொல்லியையே அதிகம் தேர்ந்தெடுத்தார்கள்.