வலிக்கு எதுக்கு சைக்காலஜிஸ்ட்?

கேள்வி: டாக்டர், எங்கம்மாவுக்கு 54 வயசு, ஆறு வருஷமா முடக்குவாதம், வாரம் ஒருதடவை மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை போடுறாங்க, ரிப்போர்ட்ல மூட்டு வீக்கம் கொறஞ்சிருக்கு ஆனா வலி விடல, இப்போ ஆஸ்பத்திரில சைக்காலஜிஸ்ட்டைப் பாக்கச் சொல்றாங்க. "எனக்கென்ன பைத்தியமா"ன்னு அம்மா அழறாங்க.
- ஒரு வாசகி, மதுரை

பதில்: பைத்தியமெல்லாம் இல்லம்மா, அவங்க வலி நிஜம், முதல்ல அதை அவங்க கையைப் பிடிச்சு சொல்லுங்க. 1965லயே மெல்சாக், வால்னு ரெண்டு விஞ்ஞானிங்க சொன்னாங்க, வலி சிக்னல் தண்டுவடத்துல ஒரு கதவு மாதிரி இடத்தைத் தாண்டித்தான் மூளைக்குப் போகுதுன்னு, பயமும் கவலையும் அந்தக் கதவை இன்னும் அகலமா தெறந்து விட்டுடும். சிபிடிங்கற தெரபி, அதாவது பேசிப் பேசி நம்ம எண்ணத்தையும் பழக்கத்தையும் மாத்துற சிகிச்சை, இங்கதான் உதவுது. காலைல விரல் மடங்காம காபி டம்ளரைப் பிடிக்க முடியலன்னதும் "அவ்ளோதான், இனி படுக்கைதான்"னு மனசு ஓடும்ல, அந்த ஓட்டத்தைக் கவனிச்சு "கொஞ்ச நேரத்துல விரல் விடும், நேத்தும் விட்டுச்சே"ன்னு மாத்திப் பழக்குவாங்க. வலி கம்மியான நாள்ல வீடு மொத்தத்தையும் கழுவித் தள்ளிட்டு ரெண்டு நாள் படுத்துடுறது நெறைய பேர் பண்றது, வேலையைப் பிரிச்சு நடுவுல உக்காரவும் சொல்லித் தருவாங்க. வலி சுத்தமா போயிடாது, ஆனா அதோட வாழறது லேசாகும். மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க. முதல் தடவை நீங்களும் கூடப் போங்கம்மா.