ஆடு புலி ஆட்டத்தில் ஆடுகள் எப்போதும் தோற்றால்

ஆடு புலி ஆட்டத்தில் எப்போதும் தோற்கும் மகளுக்கு ஆடுகளைக் கூட்டித் தரலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். 15 ஆடுகளே போதும், மகள் அவற்றை வைக்கும் இடத்தைத்தான் மாற்ற வேண்டும். தாத்தாவின் புலிகளிடம் பாதி ஆட்டத்துக்குள் ஆறேழு ஆடுகளை இழந்து எழுந்துவிடுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். புலிகளை உடனே அடைத்துவிடும் ஆசையில் அவற்றின் பக்கத்திலேயே ஆட்டை வைப்பதுதான் பெரும்பாலும் இதற்குக் காரணம்.

புலி ஓர் ஆட்டைத் தாண்டி வெட்டுவதற்கு, அதே கோட்டில் ஆட்டுக்கு அடுத்த புள்ளி காலியாக இருக்க வேண்டும். 23 புள்ளிக் கட்டத்தில், உச்சியிலிருந்து அடிக்கோடு வரை விரியும் கோடுகளைக் குறுக்கே ஒரு செவ்வகம் வெட்டிச் செல்லும். அந்தச் செவ்வகத்தின் நான்கு மூலைகளிலும் அடிக்கோட்டின் இரு முனைகளிலும் எல்லாக் கோடுகளும் முடிந்துவிடுவதால், அங்கே நிற்கும் ஆட்டை எந்தப் புலியாலும் வெட்ட முடியாது. அந்த ஆறும் நிறைந்தபின், இடது வலது ஓரங்களின் நடுப்புள்ளிகளும் அடிக்கோட்டின் இரண்டு உள்புள்ளிகளும் பாதுகாப்பாகிவிடுகின்றன. ஆகப் பத்து ஆடுகளை இழப்பின்றி இறக்கலாம். புலி முந்திக்கொண்டு அங்கே வந்து நின்றால் மட்டும் கணக்கு மாறும்.

மீதி ஐந்தில்தான் உண்மையான ஆட்டம் இருக்கிறது. ஒவ்வொன்றையும் வைக்குமுன் அந்தப் புள்ளி வழியே செல்லும் கோடுகளில் விரலை ஓட்டி, ஒருபுறம் புலியும் மறுபுறம் வெற்றிடமும் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். என் அக்கா மகள் இப்படித்தான் பழகினாள். அந்த நேரத்தில் தாத்தா அவசரப்படுத்தாமல் காத்திருப்பது மிக முக்கியம்.

எத்தனை ஆடு வெட்டுப்பட்டால் தோல்வி, ஒரே முறையில் புலி இரண்டு ஆடுகளைத் தாண்டலாமா என்பவை ஊருக்கு ஊர் மாறுபடும். கல்லை எடுக்கும் முன்பே இவற்றைப் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.