லாக்டேட் 5.2 என்றால் என்ன பொருள்?

கேள்வி: நோய்த்தொற்று இரத்தத்தில் பரவி அப்பா தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறார். காலை 6 மணிக்கு லாக்டேட் 5.2, மதியம் 12 மணிக்கு 3.1 என்றார்கள். சர்க்கரை 170. பிழைத்துவிடுவாரா?

பதில்: இரண்டாவது எண்ணைத்தான் நான் முதலில் பார்ப்பேன். லாக்டேட் என்பது செல்கள் சர்க்கரையைச் செலவழிக்கும்போது உண்டாகி இரத்தத்தில் கலக்கும் பொருள். அது லிட்டருக்கு 2 மில்லிமோலுக்குள் இருப்பது இயல்பு. 4-ஐத் தாண்டினால் உயிராபத்து கூடும். ஆனால் ஆறு மணி நேரத்தில் 40 சதவீதம் இறங்கியிருக்கிறது. நல்ல அறிகுறி. சிகிச்சை கொடுத்தும் இறங்காமல் நிற்பவர்களிடம்தான் இறப்பு அதிகம். அதற்காகக் கண்டம் தாண்டிவிட்டார் என்று இப்போதே சொல்ல முடியாது.

திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது லாக்டேட் ஏறும். அது ஒன்றே காரணமல்ல. இரத்த அழுத்தத்தை உயர்த்தும் அட்ரினலின், மூச்சுக்குழாயை விரிக்கும் சால்புட்டமால் போன்ற மருந்துகளும் ஏற்றும். கல்லீரல் பழுதானால் கழிவது தாமதமாகும். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு உடலில் தேங்கும் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மருந்தும் காரணமாகலாம். நெடுநாள் சரியாகச் சாப்பிடாதவருக்குத் தயமின் (வைட்டமின் பி1) குறைந்திருந்தால், எவ்வளவு திரவம் ஏற்றினாலும் எண் அசையாது. தயமின் ஊசிதான் தீர்வு. காரணம் பார்க்காமல் திரவத்தையே ஏற்றிக்கொண்டிருந்தால் நுரையீரலில் நீர் கோத்துவிடும்.

மாதிரி எடுப்பதிலும் பிழை நேரும். சிரிஞ்சில் வெறுமனே கிடக்கும் இரத்தத்தில் சிவப்பணுக்கள் சர்க்கரையைச் செலவழித்து லாக்டேட்டை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். 15 நிமிடத்துக்குள் பரிசோதிக்க வேண்டும். தாமதமானால் பனிக்கட்டியில் வைக்க வேண்டும். திடீரென எண் எகிறினால், இன்னொரு மாதிரி எடுத்துப் பார்ப்பதே முறை.

சர்க்கரை 170 பற்றிக் கவலை வேண்டாம். 180-ஐத் தாண்டினால் இன்சுலின் தொடங்கி, 140-க்கும் 180-க்கும் இடையே வைப்பதே இன்றைய வழக்கம். தீவிர சிகிச்சை நோயாளிகளின் சர்க்கரைக் கட்டுப்பாட்டைப் பற்றி 2009-இல் வெளியான நைஸ்-சுகர் ஆய்வில், 81–108-க்குள் இறுக்கிப் பிடித்தவர்களில் 27.5 சதவீதம் பேர் 90 நாளுக்குள் இறந்தார்கள். 180-க்குள் இருந்தால் போதும் என்று விட்டவர்களில் 24.9 சதவீதம். சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்துபோவதும் முதல் குழுவில்தான் அதிகம்.

மருத்துவரிடம் இவற்றைக் கேளுங்கள்: இரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் மருந்தின் அளவு குறைகிறதா? சிறுநீர், உடல் எடையில் கிலோவுக்கு மணிக்கு 0.5 மில்லியாவது பிரிகிறதா? விரல் நுனியைப் பத்து விநாடி அழுத்திவிட்டால், மூன்று விநாடிக்குள் நிறம் திரும்புகிறதா? இந்த மூன்றும் லாக்டேட்டோடு சேர்ந்து தேறினால் நம்பிக்கை கூடும். 3.1 மறுபடி ஏறினால், தொற்று கிளம்பும் இடம், அதாவது உள்ளே சீழ்க்கட்டியோ அடைபட்ட பித்தநாளமோ இருக்கிறதா என்று ஸ்கேனில் தேடியாயிற்றா என அன்றைக்கே கேளுங்கள்.