கேட்டு முடிவெடுப்பதா, முடிவெடுத்துவிட்டுக் கேட்பதா?

கேள்வி: ஷிஃப்ட் நேரத்தை மாற்றுவது பற்றி ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவில் கருத்துக் கேட்டோம். நாற்பது பேரில் நாலைந்து பேர் பேசினார்கள். மற்றவர்கள் கட்டைவிரல் போட்டதோடு சரி. முடிவை அறிவித்ததும் ஒரே முணுமுணுப்பு. எங்கே கோளாறு?

பதில்: நீங்கள் போட்ட முதல் செய்தியைத் திரும்பப் படியுங்கள். "மாற்றலாம் என்று இருக்கிறோம், என்ன சொல்கிறீர்கள்?" என்று மேலாளரே தொடங்கியிருந்தால், அதன்பின் மறுத்துப் பேச யாருக்குத் துணிவு வரும்? கட்டைவிரலுக்குப் பெரும்பாலும் ‘பார்த்துவிட்டேன்’ என்றுதான் பொருள். அதைச் சம்மதக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

குழு அரட்டை, தகவல் சொல்லத்தான் லாயக்கு. இரவு ஷிஃப்ட்காரர் எழுந்து பார்ப்பதற்குள் கேள்வி எங்கோ மேலே போயிருக்கும். எல்லோரும் கருத்து எழுதக்கூடிய ஓர் ஆவணத்தில் ஒரே பக்கமாக எழுதி, இணைப்பை மட்டும் குழுவில் போடுங்கள். எது மாறப்போகிறது, எது மாறாது, இறுதி முடிவு யாருடையது, கருத்துச் சொல்லக் கடைசி நாள் எது ஆகிய நான்கும் அதில் இருக்கட்டும். பலரும் விட்டுவிடுவது இரண்டாவதைத்தான். புதிதாக ஆள் எடுக்க முடியாது என்பது ஏற்கெனவே முடிவான விஷயமென்றால் அதை முதலிலேயே சொல்லுங்கள். இல்லாவிட்டால் பாதிப் பேர் ‘ஆள் போடுங்கள்’ என்றே எழுதுவார்கள், பிறகு ஏமாந்ததாக நினைப்பார்கள்.

எல்லா ஷிஃப்டும் வார விடுப்பும் ஒரு சுற்று வர ஏழு நாளாவது வேண்டும். மேலாளர் கடைசியில் பேசட்டும்.

பல நாடுகளில் இருப்பவர்கள் இணையவழியே சேர்ந்து உருவாக்கும் அப்பாச்சி மென்பொருள் திட்டங்களில் வாக்கெடுப்பை வழக்கமாகக் குறைந்தது 72 மணி நேரம் திறந்து வைப்பார்கள். +1 ஆதரவு, -1 எதிர்ப்பு. நிரல் மாற்றத்தை -1 போட்டுத் தடுப்பவர் தொழில்நுட்பக் காரணம் சொல்ல வேண்டும்; காரணமில்லாத தடை செல்லாது. எதிர்ப்பவர் காரணம் எழுத வேண்டும் என்ற இந்த விதியைத் தாராளமாகக் கடன் வாங்கலாம், கருத்தை நிராகரிக்கும் நிர்வாகத்துக்கும் அதே விதி என்றால்.

கேள்வி: பெயர் கேட்காத படிவம் வைத்தால் மனம் திறந்து எழுதுவார்களா?

பதில்: எழுதுவார்கள், நம்பினால். லாகின் கேட்கும் படிவத்தை நம்ப மாட்டார்கள். அனுப்புமுன் அலுவலகக் கணக்கிலிருந்து வெளியேறி நீங்களே திறந்து பாருங்கள். ஆறு பேர் உள்ள பிரிவில் ‘பிரிவு, பணி அனுபவம்’ கேட்டால் பெயர் கேட்டதற்குச் சமம்.

கேள்வி: பெரும்பான்மை சொன்னபடிதான் செய்ய வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை, ‘இறுதி முடிவு நிர்வாகத்துடையது’ என்று முதலிலேயே எழுதியிருந்தால். ஆனால் எந்த ஆட்சேபத்தை ஏற்றோம், எதை ஏன் ஏற்கவில்லை என்பதை அதே ஆவணத்தின் அடியில் எழுதிவிட்டுத்தான் புதிய ஷிஃப்ட் அட்டவணையை வெளியிட வேண்டும். மறுபரிசீலனை செய்யும் தேதியும் அங்கேயே இருக்கட்டும்.