பாப் சோதனை நல்லது என்றார்களே, பிறகு எப்படிப் புற்றுநோய்?

உப்புவெளியிலிருந்து ஒரு மகள் கேட்கிறார்: அம்மாவுக்கு மாதக்கணக்காகத் தண்ணீராக வெள்ளைபடுகிறது. பாப் சோதனை, எச்.பி.வி. வைரஸ் சோதனை இரண்டும் நல்லதாக வந்தன. இப்போது பயொப்சியில் (சதைத்துண்டு எடுத்துப் பார்க்கும் சோதனையில்) கருப்பைக் கழுத்தில் 'இரைப்பை வகைச் சுரப்பிப் புற்றுநோய்' என்று இருக்கிறது. ரிப்போர்ட் ஆள்மாறிவிட்டதா? தெரிந்த ஒருவர் சென்னைக்குக் கூட்டிப்போவதாகச் சொல்கிறார், போகலாமா?

ஆள்மாறியிருக்கும் என்று நினைக்க வேண்டாம், மகள். இந்த அரிய வகை அந்த வைரஸால் வருவதில்லை. அதனால் வைரஸ் சோதனையில் அகப்படாது. பாப் சோதனை மேற்பரப்பில் சுரண்டிய கலங்களைத்தான் பார்க்கிறது. இதுவோ உள்ளே ஆழமாக வளர்வது. கருப்பைக் கழுத்தின் வெளித்தோல் பலவேளை வழுவழுவென்றே இருக்கும், ஆனால் கழுத்து பீப்பாய் மாதிரிப் பருத்துக் கல்லாக இறுகியிருக்கும். நுணுக்குக்காட்டியில் சளி நிறைந்த வெளிறிய சுரப்பிகள் தெரியும். அவை இரைப்பையின் சுரப்பிகளை ஒத்திருப்பதால்தான் அந்தப் பெயர். வயிற்றிலிருந்து பரவியது என்று பயப்படாதீர்கள். சில சுரப்பிகள் பார்வைக்குச் சாதுவாகவே இருக்கும், ஆனால் சுரப்பி இருக்கக் கூடாத ஆழத்தில் இருக்கும். ஆகவே மேலோட்டமாக எடுத்த சின்னத் துண்டில் தப்பிவிடும். 'பல மாதமாக நீராக வெள்ளைபடுகிறது, கழுத்து இறுகியிருக்கிறது' என்று பயொப்சியோடு வரும் படிவத்தில் வைத்தியர் ஒரு வரி எழுதினால், ஆய்வுகூடத்தில் நாங்கள் அதைத் தேடிப் பார்ப்போம். வெறுமனே 'பயொப்சி' என்று எழுதி அனுப்புகிறார்கள். எத்தனை தரம் சொல்வது?

சரி, சென்னைக்காரர். இப்படிப்பட்டவர்கள் பலர் கொமிஷனுக்கு வேலை செய்பவர்கள். முற்பணம், பாஸ்போர்ட், மூல ரிப்போர்ட் எதையும் கொடுக்காதீர்கள். இரண்டாவது அபிப்பிராயத்துக்கு அம்மா அலையத் தேவையில்லை. ஆய்வுகூடத்தில் இருக்கும், அம்மாவின் பயொப்சித் துண்டு பதித்த மெழுகுக் கட்டிகளும் கண்ணாடித் தகடுகளும் போனால் போதும். உங்கள் வைத்திய நிபுணர் மூலம் எழுத்தில் கேளுங்கள், தரகர் கையில் கொடுத்தனுப்பாதீர்கள். மகரகம அபேக்ஷா அரச புற்றுநோய் வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். யாராவது 'வெள்ளைபடுதல்தானே, கருப்பையை எடுத்துவிடலாம்' என்றால் உடனே சம்மதிக்காதீர்கள். எம்.ஆர்.ஐ. பார்க்காமல் அவசரத்தில் சாதாரணமாக எடுத்துவிட்டால் பிறகு வரும் சிகிச்சை சிக்கலாகும். இந்த வகை கதிர்ச் சிகிச்சைக்கு அவ்வளவாக மசியாது, முதல் அறுவைச் சிகிச்சையே சரியாக நடக்க வேண்டும். அதற்காகத் தாமதிக்கவும் கூடாது.

இன்னொன்று. அம்மாவின் உதட்டிலோ கன்னத்தின் உட்புறத்திலோ சின்ன வயதிலிருந்து கறுப்புப் புள்ளிகள் உண்டா? உதட்டில் இருந்தவை வயதோடு மங்கியிருக்கலாம், வாய்க்குள் பாருங்கள். குடலில் கட்டி, அடிக்கடி இரத்தச்சோகை குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா? பெரும்பாலானோருக்கு இருக்காது. இருந்தால் அது பியூட்ஸ்-ஜெகர்ஸ் என்ற பரம்பரைக் குறைபாடாக இருக்கலாம். அப்படியானால் நீங்களும் சகோதரர்களும் சோதித்துக்கொள்ள வேண்டும். அடுத்த கிளினிக்கில் வைத்தியர் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.