மாட்டுக்கு வரும் டிபி: கேட்டதற்கு என் பதில்கள்

கேள்வி: டாக்டர், கலப்பின மாடு நாலு மாசமா இருமுது. நல்லாத்தான் தின்னுது, உடம்பு மட்டும் இறங்கிக்கிட்டே போகுது. டிபியா?

பதில்: இருக்கலாம். நுரையீரல் புழு இருந்தாலும் இருமும், கழிச்சலோடு இளைத்தால் ஜோனிஸ் என்ற குடல் நோயையும் பார்க்க வேண்டும். கண்ணால் பார்த்துச் சொல்கிற நோய் இல்லை டிபி. கழுத்தில் மயிரை மழித்து, தோலின் தடிமனை அளந்து, டிபி கிருமியிலிருந்து எடுத்த சோதனை மருந்தான டியூபர்குலினை 0.1 மில்லி தோலுக்குள் போட்டு, 72 மணி நேரம் கழித்து அதே இடத்தை மறுபடி அளப்போம். 4 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ தடித்திருந்தால் பாசிட்டிவ். ஊசி போட்டவர் மூன்றாம் நாள் வந்து அளக்காவிட்டால் போட்டதே வீண். கன்று ஈன்று சில வாரமே ஆன மாட்டில் நோய் இருந்தும் நெகட்டிவ் வரலாம்.

கேள்வி: சார், டெஸ்ட்டில் பாசிட்டிவ். ஆனால் மாடு பளபளவென்று இருக்கு, பத்து லிட்டர் கறக்குது. மருந்து கொடுத்துப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். மாதக்கணக்கில் கொடுத்தாலும் கிருமி உள்ளே ஒளிந்திருக்கும், மருந்துக்கு அடங்காத கிருமியும் உருவாகும், பாலிலும் மருந்து இறங்கும். பல நாடுகளில் இப்படிப்பட்ட மாட்டை அறுத்துவிடுவார்கள், நம்மூரில் பிரித்துக் கட்டுவதுதான் வழி: தனித் தொழுவம், தனித் தண்ணீர்த் தொட்டி. தயவுசெய்து சந்தைக்கு ஓட்டிவிடாதீர்கள். நான் பார்த்த ஒரு பண்ணையில் ஆறில் நாலு பாசிட்டிவ். சந்தையில் வாங்கிய ஒரு மாட்டைச் சோதிக்காமலே மற்றதோடு கட்டியிருந்தார்கள், எல்லாவற்றுக்கும் ஒரே தொட்டி, கொசுவுக்குப் பயந்து திறந்த பக்கமெல்லாம் சாக்குப் படுதா. உள்ளே போனால் நமக்கே மூச்சு முட்டியது.

கேள்வி: பச்சைப் பாலில்தான் சத்து என்று எங்க அப்பத்தா விடமாட்டேங்குது.

பதில்: அப்பத்தாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், பொங்கக் காய்ச்சினால் சத்து ஒன்றும் பெரிதாகப் போகாது, கிருமிதான் சாகும். பால் பண்ணையில் 72 டிகிரியில் 15 நொடி வைப்பதே போதுமானதாக இருக்கிறது. கன்றுக்கும் பாசிட்டிவ் மாட்டின் பாலைக் காய்ச்சாமல் கொடுக்காதீர்கள். பச்சைப் பால் குடிக்கிற குழந்தைக்குக் கழுத்தில் நெறி கட்டிக் கரையாமலே இருந்தால், வீட்டில் மாடு இருப்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். மாட்டு வகைக் கிருமிக்குப் பைராசினமைடு என்ற டிபி மருந்து கேட்காது, அவருக்கு அது தெரிந்தாக வேண்டும்.

கேள்வி: அண்ணா, கறவைக்காரருக்கே டிபியாம். மாட்டுக்கு வருமா?

பதில்: வரும், மனிதரிடமிருந்து மாட்டுக்கும் தொற்றும். அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம், பெரும்பாலும் ஆறு மாதம். பரவாது என்று டாக்டர் சொல்லும் வரை தொழுவத்துக்கு வெளியே வேலை கொடுங்கள், கூலியை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் அடுத்த ஆள் இருமலை மறைப்பார்.